பாட்டியின் அறைக்கு எந்த லென்ஸ்? ஒரு நிகழ்வு ஆய்வு

என் தங்கை ஓராண்டாகப் பாட்டியைப் படம் எடுத்துவருகிறாள். பாட்டி அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. படங்கள் எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். ஒருநாள் அவற்றில் ஒன்றை எனக்கு அனுப்பி, "அண்ணா, 85 மி.மீ. லென்ஸ் வாங்கிவிடட்டுமா? உருவப்படம் என்றால் 85தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று கேட்டாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் இருக்கும் மர அலமாரியின் கைப்பிடி, அதன் கீழே சாவித் துவாரம், துவாரத்தைச் சுற்றிய கீறல் வரை துல்லியம். பாட்டியின் உதடுகளும் உயர்த்திய வலக்கையும் மட்டும் ஈர விரலால் தேய்த்த மை போல இழுபட்டிருந்தன. படத்தோடு பதிவான விவரங்கள்: லென்ஸின் குவிய நீளம் 55 மி.மீ. (இந்த எண் கூடக் கூடப் பார்வை குறுகும்), துளை எஃப்/5.6 (இந்த எண் குறையக் குறையத் துளை பெரிது), ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/25 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600.

அந்த ஒரு படத்திலேயே பாதி விடை இருந்தது. மீதிப் பாதி அறையில் இருந்தது. அடுத்த விடுமுறையில் அளவு நாடாவோடு போய் நின்றேன்.

கையில் இருந்தவை

கேமரா நிக்கான் டி5600. சென்சார் 23.5 × 15.6 மி.மீ., அதாவது பிலிம் சட்டகத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவு. கூடவே வந்த 18–55 ஜூம் லென்ஸ். அறை 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். நீளச் சுவர்களில் ஒன்றின் நடுவே ஒரே ஒரு ஜன்னல். குறுக்குச் சுவர் ஒன்றில் கதவு. எதிர்க் குறுக்குச் சுவரில் அலமாரி, தேதி கிழிக்கும் நாட்காட்டி, சுவிட்ச் பலகை. பாட்டிக்குக் காது சற்று மந்தம். இந்தக் கடைசி விவரத்துக்கும் லென்ஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது, பின்னால் வருகிறது.

முதலில் அந்தப் படம் ஏன் கெட்டது என்பதைத் தீர்த்துக்கொள்வோம். 18–55 லென்ஸில் கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி உண்டு. அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அலமாரியின் கீறல் வரை தெரிவதே சாட்சி. ஆனால் அந்த வசதி படம் எடுப்பவரின் கையை மட்டும்தான் நிலைநிறுத்தும். பேசுகிறவரின் உதட்டை நிறுத்த ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி. உட்கார்ந்து பேசும் ஒருவருக்கு 1/125 நொடியாவது வேண்டும் என்பது என் அனுபவம். கை அசைத்துப் பேசுபவர் என்றால் 1/250.

55 மி.மீ.யில் அந்த ஜூம் திறக்கும் அதிகபட்சத் துளை எஃப்/5.6. அதே இடத்தில் எஃப்/1.8 துளை இருந்தால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய 9.7 மடங்கு. 5.6ஐ 1.8ஆல் வகுத்து இருமடி எடுத்தால் கிடைக்கும் எண் அது. 1/25 நொடி 1/240 ஆகிவிடும். இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 800க்கு இறக்கி 1/125இல் எடுக்கலாம். ஜூமை வைத்துக்கொண்டே 1/125 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 8000ஐத் தொட வேண்டும். அந்த உயரத்தில் முகத்தின் சுருக்கங்களுக்கு நடுவே இருக்கும் மென்மையான நிறமாற்றங்கள் புள்ளிகளில் கரைந்துபோகும். பாட்டியின் முகத்தில் நாங்கள் தேடுவதே அவற்றைத்தான்.

பிளாஷ் ஒரு வழிதான். ஆனால் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் பாட்டி கண்ணை இடுக்கிக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவார். ஆகவே பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே குவிய நீளம் கொண்டது), எஃப்/1.8 என்பது வரை எங்களுக்குள் பேச்சே எழவில்லை. எத்தனை மில்லிமீட்டர் என்பதில்தான் சிக்கல்.

தரையில் ஒட்டிய நாடாக்கள்

என்னிடம் 35, 50 இரண்டும் இருந்தன. 85ஐ நண்பர் ஒருவர் ஒரு பிற்பகலுக்குக் கொடுத்தார். மூன்றும் எஃப்/1.8. லென்ஸைக் கேமராவில் மாட்டும் முன்பே ஒரு கணக்குப் போட்டோம். தலை முதல் மார்பு வரை, மேலே கொஞ்சம் இடம் விட்டு, சட்டகத்துக்குள் 60 செ.மீ. உயரம் வர வேண்டும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் சென்சாரின் உயரம் 23.5 மி.மீ. 600ஐ 23.5ஆல் வகுத்தால் 25.5. லென்ஸின் குவிய நீளத்தை 25.5ஆல் பெருக்கினால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். 35க்கு 90 செ.மீ.; 50க்கு 1.3 மீட்டர், 85க்கு 2.2 மீட்டர்.

பாட்டியின் நாற்காலியிலிருந்து இந்த மூன்று தொலைவுகளையும் அளந்து தரையில் காகித நாடா ஒட்டினோம். லென்ஸ் இரவல் கிடைக்காதவர்களும் இதைச் செய்யலாம். ஜூம் வளையத்தை 35இல் நிறுத்தி நாடாவால் ஒட்டி ஒரு நாள், 50இல் ஒட்டி ஒரு நாள் என்று எடுத்துப் பார்த்தால், துளையின் வித்தியாசத்தைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்துவிடும்.

35இல் எடுத்த முதல் படத்தைப் பார்த்ததும் தங்கை உதட்டைப் பிதுக்கினாள். மூக்கு முன்னே வந்து, காதுகள் பின்வாங்கி, முகம் ஒடுங்கித் தெரிந்தது. இதை லென்ஸின் குறை என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது தொலைவின் வேலை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஏறக்குறைய 12 செ.மீ. இடைவெளி. 90 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் காதை விட மூக்கு 13 சதவீதம் பெரிதாக்கப்படுகிறது. 1.3 மீட்டரில் இது 9 சதவீதம், 2.2 மீட்டரில் 5.5. அதே 35ஐ 1.3 மீட்டரில் நின்று எடுத்து நடுவில் வெட்டிப் பார்த்தால், 50இன் முகமும் அதன் முகமும் ஒன்றாகவே இருக்கும். வெட்டிக் காட்டினேன், அதன் பிறகுதான் நம்பினாள்.

மூக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் 85க்குத்தான் வெற்றி. முகம் நிதானமாக, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனால் 50க்கும் 85க்கும் இடையிலான வேறுபாடு, 35க்கும் 50க்கும் இடையிலானதைப் போலக் கண்ணை உறுத்தவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் தெரியும். தனியாகப் பார்த்தால் தெரியாது.

காது மந்தம் இங்கேதான் குறுக்கே வந்தது. 2.2 மீட்டரில் நின்று தங்கை பேசியது பாட்டிக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னடி?" என்று முன்னால் சாய்ந்தார். சாய்ந்ததும் குவியம் தவறியது. கத்திப் பேசினால் பாட்டியின் முகம் கவலைக்கு மாறிவிடுகிறது. 1.3 மீட்டர் என்பது இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் தூரம். அங்கே பாட்டி கேமராவை மறந்துவிட்டார். 90 செ.மீ.யிலோ, லென்ஸின் கண்ணாடிதான் அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாடாக்களில் நடுவில் இருந்ததன் மேல் தங்கை தானாகவே போய் நின்றுகொண்டதைக் கவனித்தேன். நான் எதுவும் சொல்லவில்லை.

பின்சுவர் சொன்ன கணக்கு

85 வேண்டும் என்று அவள் நினைத்ததற்கு உண்மையான காரணம் மூக்கு அல்ல, பின்னணி மங்கல். 85 என்றால் பின்னால் இருப்பதெல்லாம் பால் போலக் கரையும் என்ற நம்பிக்கை. திறந்த வெளியில் அது சரி. பின்னணி நூறு மீட்டர் தள்ளி இருக்கும்போது, ஒரே துளை எண், ஒரே சட்டக அளவில், 50ஐ விட 85 தரும் மங்கல் வட்டம், அதாவது ஒரு புள்ளி மங்கி விரியும் வட்டம், 1.7 மடங்கு பெரியது.

அறைக்குள் கதை மாறுகிறது. படம் எடுப்பவர் நிற்க அரை மீட்டர் போனால், 3.6 மீட்டர் அறையில் கேமராவிலிருந்து எதிர்ச்சுவர் வரை மிஞ்சுவது 3.1 மீட்டர். 85 மாட்டினால் பாட்டி 2.2 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். அவர் முதுகுக்கும் சுவருக்கும் இடையே 90 செ.மீ. சொச்சம்தான் இருக்கும். 50 மாட்டினால் பாட்டி 1.3 மீட்டரில்; முதுகுக்குப் பின்னால் 1.8 மீட்டர் காலி. அந்தக் காலி இடமும் மங்கலை உண்டாக்குகிறது. சென்சாரின் மேல் விழும் மங்கல் வட்டத்தைக் கணக்கிட்டால் 85க்கு 0.56 மி.மீ., 50க்கு 0.64 மி.மீ., 35க்கு 0.54 மி.மீ. இந்த அறையில் 50தான் அதிகம் மங்கச் செய்கிறது.

கணக்கை நான் முதலில் நம்பவில்லை. இரண்டு முறை போட்டேன். பிறகு நாட்காட்டியைப் பார்த்தோம். 85இல் எடுத்த படத்தில் தேதியின் பெரிய எண் என்னவென்று ஊகிக்க முடிந்தது. 50இல் அது வெள்ளைத் தாளின் மேல் ஒரு சாம்பல் கறை, அவ்வளவுதான். 85 பின்சுவரையும் அருகே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதால், எண்ணும் பெரிதாகிவிட்டது, மங்கலும் குறைந்துவிட்டது.

துளை எண்ணும் சட்டகமும் மாறாதவரை, பின்சுவரின் மங்கல் இரண்டு தொலைவுகளின் பெருக்கலைப் பொறுத்தது: கேமராவிலிருந்து ஆள் வரை, ஆளிலிருந்து சுவர் வரை. இரண்டின் கூட்டல் நிலையாக இருக்கும்போது, இரண்டும் சமமானால்தான் பெருக்கல் உச்சத்தைத் தொடும். ஆகவே ஆள் நட்ட நடுவில் உட்கார வேண்டும். எங்கள் அறையில் நடு என்பது 1.55 மீட்டர். அதை 25.5ஆல் வகுத்தால் 61 மி.மீ. அந்தக் குவிய நீளத்தில் பிரைம் லென்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை. 50 பக்கத்திலேயே இருக்கிறது. எந்த அறைக்கும் இதே வழிதான். சுவர் வரை அளந்து, நிற்கும் இடத்தைக் கழித்து, பாதியாக்கி, 25.5ஆல் வகுத்துவிடலாம்.

85 எங்கிருந்து வந்தது என்பதும் இந்தக் கணக்கிலேயே புலப்படுகிறது. 36 × 24 மி.மீ. முழுச்சட்டகச் சென்சாரில் பெருக்கும் எண் 25.5 அல்ல, 16.7. அதே 1.55 மீட்டரை அதனால் வகுத்தால் 93 வருகிறது. முழுச்சட்டகக் கேமரா வைத்திருப்பவருக்கு 85 என்பது அனுபவத்தில் பழுத்த அறிவுரை. தலைமுறைகளாகப் பிலிம் கேமராவில் சரியாக இருந்தது. சென்சார் சுருங்கிய பிறகும் எண்ணை மட்டும் மாற்றாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சென்சார் இன்னும் சிறிதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் இந்த வேலைக்கு 42.5, 45 மி.மீ. லென்ஸ்கள் இருப்பது இதனால்தான்.

85க்கு ஒரு நியாயம் பாக்கி இருக்கிறது; அதை மறைக்கக் கூடாது. அதன் பார்வை குறுகியது. பின்சுவரில் 57 செ.மீ. அகலம் மட்டுமே சட்டகத்துக்குள் வருகிறது. 50இல் 97 செ.மீ., 35இல் கிட்டத்தட்ட 1.4 மீட்டர். சுவர் முழுக்கப் பொருள்கள் அடைந்திருக்கும் வீட்டில் இது பெரிய நன்மை. எங்களுக்கு நாட்காட்டியைக் கழற்றி வைத்தால் போதுமாக இருந்தது.

வாங்கும்போது

50 என்று முடிவானதும் இரண்டு இடங்களில் மட்டும் நின்று யோசித்தோம். நிக்கானின் 50 எஃப்/1.8 லென்ஸில் ஏஎஃப்-டி என்ற பழைய வகை உண்டு. அதற்குள் குவிய மோட்டார் கிடையாது. கேமராவின் உடலுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி5600இல் அந்த மோட்டார் இல்லை. மாட்டலாம், கையால் குவிக்கலாம், தானாகக் குவியாது. 2011இல் வந்த ஏஎஃப்-எஸ் 50 எஃப்/1.8ஜி வகைக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. பழைய லென்ஸ் தேடுபவர்கள் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது எஃப்/1.4 எடுக்கலாமா என்பது. எஃப்/1.8ஐ விட அது தருவது 1.65 மடங்கு ஒளி. ஐஎஸ்ஓ 800க்குப் பதில் 500. அந்த வேறுபாட்டைப் பாட்டியின் முகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாற்காலியை ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்த்தினால் அதைவிட அதிக ஒளி கிடைக்கிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

முதல் மாதத்தின் தோல்விகள்

புது லென்ஸில் எடுத்த முதல் நாற்பது படங்களில் கண் துல்லியமாக வந்தவை ஒன்பது. தங்கை அழாத குறை. லென்ஸில் கோளாறோ என்று என்னிடம் அனுப்பினாள். எல்லாமே எஃப்/1.8.

1.3 மீட்டரில் எஃப்/1.8 தரும் துல்லியத்தின் ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் தூரம், 5 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் பாதி, பின்னால் பாதி. பாட்டி முகத்தை அரைவாசி ஜன்னல் பக்கம் திருப்பும்போது, இரண்டு கண்களுக்கு இடையிலான ஆழ வேறுபாடே 4.5 செ.மீ. அருகிலுள்ள கண்ணில் குவித்தால் பின்பக்கம் மிஞ்சுவது 2.3 செ.மீ. அடுத்த கண் வெளியே விழுந்துவிடும். எஃப்/4இல் இரண்டு கண்ணும் உள்ளே வரும். எஃப்/2.8இல் தூரத்துக் கண் லேசாக இளகும். அந்த இளக்கம் எனக்குப் பிடிக்கும். நேராகப் பார்க்கும் முகத்துக்கு எஃப்/2.2 போதும்.

இன்னொரு தவறு கைப்பழக்கம். நடுப் புள்ளியால் கண்ணில் குவித்து, பொத்தானை அழுத்தியபடியே கேமராவைச் சாய்த்துச் சட்டகத்தைச் சரிசெய்வாள். வெளியே தொலைவில் நிற்பவரை எடுக்கும்போது இதில் குறையில்லை. 1.3 மீட்டரில் 15 பாகை சாய்த்தால் குவியத்தளம் கண்ணைத் தாண்டி 4 செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடும். அந்த நாற்பது படங்களில் பலவற்றில் காதோரத்து முடி இழை இழையாகத் தெரிந்தது இதனால்தான். டி5600இல் 39 குவியப் புள்ளிகள் உள்ளன. கண்ணின் மேல் விழும் புள்ளியை நகர்த்தித் தேர்ந்தெடுத்து, அப்படியே அழுத்தச் சொன்னேன். மேல்வரிசைப் புள்ளிகள் நடுப்பகுதியில் இருப்பவற்றைப் போல வேகமானவை அல்ல. ஒரு கணம் பொறுக்க வேண்டும். அடுத்த வாரம் நாற்பதில் முப்பதுக்கு மேல் தேறின.

எஃப்/1.8இல் பாட்டியின் நரைமுடி இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. குவியத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளை இழைகளின் ஓரத்தில் மெல்லிய பச்சை; முன்னால் விழுந்திருந்த இழையில் ஊதாச் சிவப்பு. அகன்ற துளையில் வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு ஆழத்தில் குவிவதால் வருவது இது. கருமுடியில் கண்ணில் படாது. ஜன்னல் ஒளி பட்ட நரையில் பளிச்சென்று தெரியும். எஃப்/2.8இல் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

கைகள்

மூன்றாம் வாரம் அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். பாட்டி கைகளால் பேசுகிறவர். மார்பு வரை வெட்டினால் பாதிப் பாட்டிதான் வருகிறார். இடுப்பு வரை எடுக்க வேண்டும் என்றால்?

சட்டகம் 90 செ.மீ. ஆனால் பெருக்கும் எண் 38. 50க்கு 1.9 மீட்டர் தேவை, பின்னால் 1.2 மீட்டர்தான் மிஞ்சும். இரண்டு தொலைவுகளையும் பெருக்கிப் பார்த்தால் 35 ஒரு நூல் முந்துகிறது; அதற்குத் தேவையான 1.34 மீட்டர் முகத்துக்கும் உகந்த தொலைவு. இடுப்பு வரையிலான படங்களே உங்கள் விருப்பம் என்றால் இதே அறைக்கு 35ஐத்தான் சொல்வேன். என் 35ஐக் கொடுத்தனுப்பலாம் என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். அறையின் நீளவாக்கில் எடுப்பதை விட்டு மூலைவாட்டமாகத் திரும்பினாள். 3.6க்கு 3 மீட்டர் அறையின் மூலைவிட்டம் 4.7 மீட்டர். கதவோர மூலையில் முதுகு ஒட்டி நின்றால் முன்னால் 4 மீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கிறது. பாட்டி 1.9 மீட்டரில், பின்னால் 2.2 மீட்டர். ஏறக்குறைய நட்ட நடு. ஜன்னலும் நடுவில் இருப்பதால் ஒளி கன்னத்தில் பக்கவாட்டாக விழுகிறது. எந்த லென்ஸும் வாங்காமல் ஒரு மீட்டர் சம்பாதித்திருந்தாள். எனக்குத் தோன்றாதது அது.

அன்று அவள் எடுத்த படம் என் மேசையில் இருக்கிறது. எஃப்/2.5, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 3200. பாட்டி விரல்களை விரித்து எதையோ எண்ணிக் காட்டுகிறார். நடுவிரலின் வளைந்த மூட்டு துல்லியம். கட்டைவிரல் முன்னால் வந்து கரைந்திருக்கிறது. உதடுகள் ஒரு சொல்லின் பாதியில் நின்றிருக்கின்றன. பின்னால் அலமாரி ஒரு பழுப்பு நிறப் பட்டை. கைப்பிடி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு மேல் இவை எதுவும் பலிப்பதில்லை. ஜன்னல் அணைந்ததும் ஐஎஸ்ஓ 6400ஐத் தாண்டுகிறது. கூரை விளக்கு கண்குழிகளில் நிழலைக் கொட்டுகிறது. பாட்டி நன்றாகப் பேசுவது அந்த நேரத்தில்தான். போன வாரம் தங்கை, 'எஃப்/1.2 லென்ஸ் ஒன்று இருக்கிறதாமே, அண்ணா' என்று தொடங்கினாள். ஒரு மேசை விளக்கையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.